ஏழு வரிசை சும்மா கிடக்கிறது

10 நவம்பர் 2022, வியாழன், மாலை 6.40

முதல் வரிசை: 41,88,213 பாக்கெட். இரண்டாவது: 0. மூன்றாவது: 0. எட்டு வரைக்கும் எழுதத் தேவையில்லை. எல்லாம் பூஜ்யம்.

இதை நோட்டில் எழுதுவதற்குக் காரணம் எங்கள் எச்.ஆர். "கோபம் வந்தா உடனே பேசாதீங்க பரிதி, எழுதி வைங்க. மனசு லேசாகும்" என்றார். எழுதிவிட்டேன். லேசாகவில்லை.

நாங்கள் செய்வது ஒரு பெட்டி. ஒரு கல்லூரியின், ஒரு விடுதியின் மொத்த இன்டர்நெட்டும் அதன் வழியாகத்தான் போய் வரும். உள்ளே ஒரு நெட்வொர்க் கார்டு, எட்டு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் எட்டு மூளை, கொண்ட ஒரு பிராசசர். கார்டை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அது என் பொறுப்பு. வரும் பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, கார்டில் இருக்கும் சிப் எட்டு வரிசையாகப் பிரித்து, வரிசைக்கு ஒரு கோர் என்று ஒப்படைக்க வேண்டும். பரனூர் டோல்கேட்டை நினைத்துக்கொள்ளலாம். எட்டு கவுண்டரும் திறந்திருக்கிறது. வண்டி மொத்தமும் முதல் கவுண்டரில் நின்று ஹார்ன் அடிக்கிறது. மற்ற ஏழு பேரும் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்கள்.

இந்தக் கூத்து ஒரே இடத்தில்தான்: திசையன்விளை. எஸ்தர் ராஜகனி என்ற அம்மாள் அங்கே மூவாயிரம் வீடுகளுக்குக் கேபிள் வழியாக இன்டர்நெட் கொடுக்கிறார். கேபிள்காரர்களில் எங்கள் பெட்டியை வாங்கியவர் அவர் ஒருவர்தான். தினமும் மாலை ஆறு மணிக்கு அவருடைய ஊர் மொத்தமும் படுத்துவிடுகிறது. பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறது. பாதி ஊர் கடுப்பில் இருக்கிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, 18-ஆம் தேதி மாலை, ஒரு பெரிய கம்பெனிக்கு லைன் முழுவதையும் எழுதிக்கொடுக்கப் போகிறாராம். அதற்குள் சரிசெய்தால் கொடுக்கமாட்டாராம்.

டீம் லீட் ரகோத்தமன் இதைப் படித்துவிட்டு, "சின்ன கஸ்டமர்தானே, டென்ஷன் ஆகாதீங்க" என்றார். அவருக்கு டென்ஷனே வராது. எதையும் சரிசெய்யாதவனுக்கு ஏன் வரப்போகிறது?

11 நவம்பர், வெள்ளி

திசையன்விளையிலிருந்து அனுப்பிய கேப்சரை லேபில் ஓட்டினேன். கேப்சர் என்றால், அங்கே கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளை அப்படியே பதிவுசெய்த கோப்பு. அதே பாக்கெட், அதே பெட்டி, அதே டிரைவர். எட்டு வரிசையிலும் பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம். தராசில் நிறுத்துப் போட்ட மாதிரி.

ஆகவே எங்கள் மேல் தப்பில்லை. அம்மாளுக்குப் போன் செய்தேன்.

"லேப்ல எல்லாம் சரியா இருக்கு மேடம். உங்க லைன்லதான் பிரச்சினை."

"மேடம்னு கூப்பிடாதீய, பிரேயர்ல நிக்கிற மாதிரி இருக்கு. லைன்லயா பிரச்சினை?"

"ஆமாங்க."

"தம்பி, காலைல பறக்குது, சாயங்காலம் படுத்துக்கிடுது. லைன் என்ன, ஆறு மணிக்கு டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போவுதா?"

"ஆறு மணிக்கு எல்லாரும் வீடியோ பாப்பாங்க, லோடு ஏறும். எங்கயாவது ஜாயின்ட் சரியில்லாம இருக்கும்."

"போன மாசம் உங்க ஆள் ஒருத்தரு சொன்னாருன்னு ஜாயின்ட் பூராத்தையும் அறுத்துத் திரும்பப் போட்டோம். எங்க பேச்சிமுத்து போஸ்ட்லயே குடியிருந்தான். இன்னும் எத போடணும்? ஊரையே அறுத்துத் திரும்பப் போடணுமா?"

போனை வைத்துவிட்டேன். அதாவது, அவர் வைத்துவிட்டார்.

12 நவம்பர், சனி

மறுபடி ஓட்டினேன். சமம். சிப் வரிசை பிரிக்கும் கணக்கை மாற்றிக் கொடுத்து ஓட்டினேன். சமம். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி வைத்து ஓட்டினேன். சமம்தான். (கடைசியது அறிவியல் இல்லை.)

13 நவம்பர், ஞாயிறு

துணி துவைத்தேன். மேலே காயப்போட்டதும் மழை. காஸ் தீர்ந்துவிட்டது, புக் செய்தால் வியாழக்கிழமைதான் வருமாம். அறைத்தோழன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே, "நீ ஏன்டா சிடுசிடுன்னு இருக்க?" என்றான். காலி சிலிண்டரைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

திசையன்விளை அம்மாள் போனில் கேட்டது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. லைன் டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாதுதான்.

14 நவம்பர், திங்கள்

லேபில் சமம், அங்கே பூஜ்யம். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது என்றேன். ரகோத்தமன், "அப்போ நேர்ல போய்ட்டு வாங்களேன். வெள்ளிக்கிழமைக்குள்ள நாம முயற்சி பண்ணோம்னு ஒரு ரெக்கார்டு இருக்கும்" என்றார்.

ரெக்கார்டுக்காக என்னை அறுநூறு கிலோமீட்டர் அனுப்புகிறார். சரிசெய்துவிட்டு வா என்று சொல்ல வாய் வரவில்லை. முகத்துக்கு நேராகச் சொன்னேன், "நான் ரெக்கார்டு போடப் போகல" என்று. சிரித்தார். அந்தச் சிரிப்பை எடுத்து ஒரு கோரில் கட்டிவைத்தால் சூடே ஏறாது.

கோயம்பேட்டில் பஸ். பக்கத்து சீட்டுக்காரர் காலை என் பை மேல் வைத்திருக்கிறார்.

15 நவம்பர், செவ்வாய்

திசையன்விளை. உரக்கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை. வாசல் வரைக்கும் யூரியா வாடை. உள்ளே ஏசி, பேட்டரி வரிசை, ரேக்கில் எங்கள் பெட்டி. பெட்டியின் தலையில் ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து.

எஸ்தர் ராஜகனிக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி, இடுப்பில் சாவிக்கொத்து, இரண்டு போன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் லைன்ல பிரச்சினைன்னு சொன்ன தம்பியா?"

"ஆமாங்க."

"கொங்கு நாடா? பேச்சுல 'ங்க' ஒட்டிக்கிட்டு நிக்கி."

"கரூர்ங்க."

லைன்மேன் பேச்சிமுத்து ஏணியை இறக்கிவைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "அக்கா, போஸ்ட்ல ஏத்தி விட்டுரட்டா தம்பிய? ஜாயின்ட் நல்லாருக்கான்னு அவ்வோளே பாத்துக்கிடட்டும்."

"சும்மா கிட பேச்சி. விழுந்து கிழுந்து தொலைச்சா அதுக்கும் நம்ம லைன்தான் காரணம்னு சொல்லிருவாவ."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க என்ன இருக்கிறது? லேப்டாப்பை மாட்டினேன்.

மாலை ஆறு அடித்ததும் போன் அடிக்க ஆரம்பித்தது. அடித்தது என்றால் நிற்கவே இல்லை. திரையில் முதல் கோர் நூறு சதவீதம். மற்ற ஏழும் தூங்குகின்றன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் அவர் ஒவ்வொரு அழைப்பையும் எடுக்கிறார். ஒன்றைக்கூட விடவில்லை.

"ஆமா டீச்சர், படுத்துட்டு. மெட்ராஸ்லேருந்து ஆள் வந்திருக்காவ... இல்ல டீச்சர், முகத்தப் பாத்தா சரியாக்கிருவாவன்னு தோணல. ரொம்ப கோவமா இருக்காவ... பெட்டி மேலதான்னு நினைக்கேன்."

எட்டரைக்கு இடையில் கொஞ்சம் ஓய்வு. கேட்டேன்:

"அந்தப் பெரிய கம்பெனிக்கே கொடுத்தாத்தான் என்ன? இந்தப் போன் தொல்லையாவது இருக்காதில்ல?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொடுத்தா அவன் போர்டு தொங்கும். நான் அவனுக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கணும். நாங்க இந்த ஊர்ல கம்பி இழுக்கும்போது ஒவ்வொரு வீட்டு மாடியிலயும் நானே ஏறி நின்னு கேட்டேன், 'உங்க சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கிடட்டா'ன்னு. மூவாயிரம் சுவரு தம்பி. இப்ப அதே வீட்டு வாசல்ல, இன்னொருத்தன் பேரு போட்ட சட்டைய மாட்டிக்கிட்டுப் போயி நிக்கணும். பேச்சிய அவன் எடுத்துக்கிடமாட்டான், வயசாயிட்டுன்னு சொல்லிட்டான்."

பேச்சிமுத்து அப்போது அறையில் இல்லை.

எனக்கென்ன? என் வேலை பாக்கெட். ஆனால் மூவாயிரம் சுவர்.

16 நவம்பர், புதன், மதியம் 3.10

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த கோபத்தில் பேனா தாளைக் கிழிக்கிறது.

இன்று நேராகக் கார்டின் வாயிலேயே கேப்சர் எடுத்தேன். பாக்கெட்டுகளின் தலையில் எல்லாம் 88 64 என்று இருக்கிறது. அது முகவரியில்லை, உறையின் அடையாளம்.

இங்கே வீடுகளில் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டுத்தான் இன்டர்நெட் வரும். அப்படி நுழைகிற ஒவ்வொரு பாக்கெட்டும் ஓர் உறைக்குள் சுற்றப்பட்டு வருகிறது. சிப் என்ன செய்யும்? பாக்கெட்டின் மேல் இருக்கும் முகவரியைப் படித்து, அதிலிருந்து ஓர் எண் உருவாக்கி, அந்த எண்ணுக்கு ஏற்ற வரிசையில் போடும். உறையைக் கண்டால்? பிரித்துப் பார்க்கிற புத்தி அதற்குக் கிடையாது. முகவரி தெரியாவிட்டால் எண் பூஜ்யம். பூஜ்யம் என்றால் முதல் வரிசை. அவ்வளவுதான். மூவாயிரம் வீட்டுப் பாக்கெட்டும் ஒரே மாதிரி உறையில், ஒரே எண்ணில், ஒரே வரிசையில். கல்லூரிக்கும் விடுதிக்கும் உறை கிடையாது. அதனால்தான் அங்கெல்லாம் நன்றாக ஓடியது.

அப்படியானால் லேபில் எப்படிச் சமமாக வந்தது? நமக்கு வந்த கேப்சரை எவனோ ஒரு முட்டாள் உறை பிரித்த பிறகு, பெட்டியின் உட்பக்கத்தில் எடுக்கச் சொல்லியிருக்கிறான். சுத்தமாக இருக்கும் என்று. சுத்தப்படுத்தியதில் நோயே போய்விட்டது. ஒரு வாரமாக ஆரோக்கியமான பாக்கெட்டுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். இதை உரக்கச் சொன்னேன், அதே வார்த்தையில்.

எஸ்தரக்கா போனை எடுத்துத் தடவினார். "உட்பக்கம் எடுங்க, வெளிப்பக்கம் வெறும் குப்பையா இருக்கும்னு வாட்ஸப்புல எழுதியிருந்தது நீங்கதான தம்பி?"

அதைப் பற்றி மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை. மதியம் மீன் குழம்பு நன்றாக இருந்தது.

அதே நாள், மாலை 5

சிப்புக்குப் புத்தியில்லை, சரி. பெட்டியை ஓட்டும் லினக்ஸுக்கு உண்டு. உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் முகவரியைப் படித்து, தானே எண் போட்டு, வேலையை எட்டு கோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். அந்த வசதியை நேற்றே ஒரு முயற்சிக்காகத் திறந்துவிட்டேன். ஆனாலும் பங்கிடவில்லை. ஏன் என்று இப்போதுதான் தெரிந்தது.

எங்கள் டிரைவர் ஒவ்வொரு பாக்கெட்டையும் மேலே அனுப்பும்போது ஒரு சான்றிதழ் ஒட்டி அனுப்புகிறது: 'சிப் முகவரியைப் பார்த்து எண் போட்டுவிட்டது, நீ திரும்பப் போடத் தேவையில்லை.' சிப் பார்த்திருந்தாலும் ஒட்டுகிறது, பார்க்காவிட்டாலும் ஒட்டுகிறது. பூஜ்யத்துக்கும் சான்றிதழ். லினக்ஸ் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

ரகோத்தமனைக் கூப்பிட்டேன். எங்கள் கம்பெனியில் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நல்ல காலம். 'சார்' என்று சொல்லிக்கொண்டே இவ்வளவு கத்த முடியாது.

"ரகோ, டிரைவர்ல எல்லா பாக்கெட்டுக்கும் சிப் எண் போட்டதா ஒரு வரி இருக்கு."

"தெரியும். நான் போட்டதுதான்."

"தெரியுமா?"

"கோர் திரும்பக் கணக்குப் போட வேண்டாம் பாருங்க, எட்டு சதவீதம் வேகம் கூடிச்சு. அப்போ கேபிள் கஸ்டமரே கிடையாது. இங்க அதுதான் காரணமா இருக்கும்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது."

"எப்பலேருந்து?"

"போன வாரம். உறுதியா தெரியாம எப்படிப்பா சொல்றது?"

போன வாரம். அந்த வாரம்தான் நான் லேபில் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்து மேசையில் கிரீன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நாலு வரி ரகோ. சிப் நிஜமாவே எண் போட்டிருந்தா மட்டும் சான்றிதழ் ஒட்டு, இல்லன்னா ஒட்டாதே. மத்த கஸ்டமருக்கு ஒண்ணும் குறையாது."

"குறையாதுன்னு நீங்க சொல்றீங்க. டெஸ்ட் சொல்லணும். டெஸ்ட் மூணு வாரம். நடுவுல நாம போட்டிருக்கிற அந்தப் பெரிய டெண்டர் வேற. இப்போதைக்கு ஹார்டுவேர் லிமிட்டேஷன்னு ஒரு மெயில் போட்டுடுங்க. புது மாடல் வரும்போது அவங்களுக்குத் தள்ளுபடி கொடுக்கலாம்."

"வெள்ளிக்கிழமை அவங்க லைன எழுதிக்கொடுக்கிறாங்க."

"அது அவங்க பிசினஸ் முடிவு பரிதி. நீங்க டிரைவரைத் தொடாதீங்க."

எச்.ஆருக்கு: எழுதினேன். இன்னும் லேசாகவில்லை.

17 நவம்பர், வியாழன்

தொட்டேன்.

காலையில் நாலு வரி எழுதினேன், மதியம் ஏற்றினேன். எஸ்தரக்காவிடம் கேட்டுவிட்டுத்தான். "ஏத்துனா பெட்டி செத்துருமா?" என்றார். "சாகாது. எங்க கம்பெனிக்குத் தெரிஞ்சா நான் சாவேன்" என்றேன். "அப்ப ஏத்துங்க" என்றார். பேச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

மாலை ஆறு. முதல் வரிசையின் எண்ணிக்கை வழக்கம்போல ஏறுகிறது. சிப் திருந்தவில்லை, திருந்தாது. ஆனால் அந்த வரிசையில் வந்ததை லினக்ஸ் எடுத்து எடுத்துப் பங்கிடுகிறது. எட்டு கோரும் முப்பதிலிருந்து நாற்பது சதவீதத்துக்குள். ஒன்றுகூடத் தூங்கவில்லை.

ஆறேகால். போன் அடிக்கவில்லை. ஆறரை. அடிக்கவில்லை. பேச்சிமுத்து ஒரு போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், உயிர் இருக்கிறதா என்று. ஏழு மணிக்கு ஒரே ஓர் அழைப்பு. அக்கா பாய்ந்து எடுத்தார்.

"சொல்லுங்க டீச்சர்... ஓடுதா? ஓடுதுன்னு சொல்லவா கூப்பிட்டீய?"

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "நாளைக்கும் இப்படியே இருந்தா நம்புதேன்" என்றார். பிறகு கீழே ஆள் அனுப்பி முட்டை பரோட்டா வாங்கி வரச் சொன்னார். இரண்டு போதும் என்றேன். நாலு வந்தது.

கோபப்பட இன்று எதுவும் கிடைக்கவில்லை. பரோட்டா கொஞ்சம் உப்பு.

18 நவம்பர், வெள்ளி, காலை 9.20

பழைய டிரைவர் திரும்பிவிட்டது.

எங்கள் பெட்டிகள் எல்லாம் விடிகாலையில் சென்னைக்குப் பேசும். கம்பெனியின் முத்திரையில்லாத கோப்பு ஏதாவது உள்ளே இருந்தால் அதைத் தூக்கிவிட்டுப் பழையதைப் போட்டுக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், கஸ்டமர் எதையாவது கெடுத்துக்கொண்டால் காப்பாற்ற. சரிசெய்துகொண்டாலும் காப்பாற்றிவிடுகிறது.

மறுபடி ஏற்றப் போனால் உள்ளே விடவில்லை. ரகோத்தமனே கூப்பிட்டார்.

"டிரைவர் மாறினது தானா நடந்தது. நான் எதுவும் பண்ணல. ஆனா உங்க லாகின நிறுத்தியிருக்கேன். கோபத்துல ஏதாவது செஞ்சுட்டு அப்புறம் வருத்தப்படுவீங்க. மதியம் பஸ் ஏறிடுங்க பரிதி. திங்கட்கிழமை பேசலாம்."

எவ்வளவு மென்மையான குரல். அந்தக் குரலில் கதவைச் சாத்தினால் சத்தமே கேட்காது.

மதியம் 12.30

பஸ் ஏறவில்லை.

உட்கார்ந்து யோசித்தேன். பெட்டி கம்பெனியுடையதா? இல்லை, எஸ்தரக்காவுடையது, காசு கொடுத்து வாங்கியது. டிரைவர்? லினக்ஸோடு சேர்ந்து ஓடுவதற்காக அதைப் பொது உரிமத்தில்தான் வெளியிட்டிருக்கிறோம். பெட்டியை வாங்கியவர் மூலநிரலைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அவர் தன் பெட்டியில் அதை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கிறது. யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று நாங்களும் யாருக்கும் சொன்னதில்லை.

லாகின் இல்லையென்றால் என்ன? பென்டிரைவில் வெறும் லினக்ஸைப் போட்டு அதிலிருந்து பெட்டியை எழுப்பினால் உள்ளே இருக்கும் டிஸ்க் கைக்கு வரும். என் நாலு வரியை வைக்கலாம். விடிகாலைப் பேச்சையும் நிறுத்திவிடலாம். செய்யத் தெரியும். செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

இரவு 8

ஐந்தரைக்குப் பெரிய கம்பெனியின் ஆள் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை, கையில் கிளியர் ஃபைல். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு மணிக்கு எல்லாம் படுத்தது. போன் அடிக்க ஆரம்பித்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. போன் அடிப்பதற்காகவே ஆறு மணி வரைக்கும் காத்திருந்திருக்கிறார்.

"பாருங்க மேடம், எங்க நெட்வொர்க்ல வந்துட்டா உங்களுக்கு இந்தத் தலைவலியே இருக்காது."

எஸ்தரக்காவை வராண்டாவுக்கு அழைத்துப் போய் நேராகச் சொன்னேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"பென்டிரைவ் போட்டு நேத்து மாதிரி ஆக்கிடலாம். பெட்டி உங்களுது, உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா வாரண்டி போயிரும்ங்க. எங்க கம்பெனி இனி இந்தப் பெட்டியத் தொடாது. நாளைக்கு நின்னா ஆள் வராது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவங்ககிட்ட எழுதிக்கொடுத்தா குறைஞ்சபட்சம் ஆள் வருவாங்க."

"அவன் சட்டைய மாட்டிக்கிட்டு."

"ஆமாங்க."

"நாளைக்கு நின்னா நீங்க வருவீயளா?"

"எனக்கு வேலை இருக்குமான்னே தெரியாதுங்க."

"அத கேக்கல. வருவீயளான்னு கேட்டேன்."

உள்ளே போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு வாரமாக எல்லோர் முகத்துக்கும் நேராகப் பேசியவன் நான். இதற்குப் பதில் வரவில்லை. ரகோத்தமன் மாதிரி 'பார்க்கலாம்' என்று சொல்ல நாக்கு எழுந்தது, கடித்து நிறுத்தினேன்.

அவர் உள்ளே திரும்பினார். "சரி, போடுங்க" என்றார்.

பென்டிரைவைச் செருகிப் பெட்டியை அணைத்தேன். கூட்டமான நேரத்தில் மூவாயிரம் வீட்டிலும் இன்டர்நெட் ஒரே அடியாக நின்றது. இரண்டு போனும் சேர்ந்து அலறின. ஒன்றைப் பேச்சிமுத்து எடுத்தார், மற்றதில் அக்கா கத்தினார்:

"ஆமா, நாங்கதான் நிறுத்துனோம்! வேணும்னுதான் நிறுத்துனோம்! சும்மா நிக்கதுக்கும் நிறுத்துததுக்கும் வித்தியாசம் இருக்குல்லா அண்ணாச்சி? பத்து நிமிசம் பொறும்!"

டிஸ்க் திறந்தது. நாலு வரி போட்ட டிரைவரை வைத்தேன். விடிகாலைப் பேச்சை நிறுத்தினேன். விரல் இரண்டு முறை தப்பான கீயில் விழுந்தது. பெட்டியை எழுப்பினேன். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு வீடுகள் ஒவ்வொன்றாக உள்ளே வர ஆரம்பித்தன. நூறு. ஐந்நூறு. ஆயிரம் தாண்டியது. எட்டு கோரும் ஒன்றாக எழுந்து நின்றன.

போன்கள் அடங்கின. ஏசி சத்தம் மட்டும்.

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமினார். "இன்னைக்கு ஓடும் மேடம். இது டெம்பரரிதான். நாளைக்கு..."

"நாளைக்கு நிக்கலாம்" என்றார் எஸ்தரக்கா. "நின்னா நிக்கட்டும். காப்பி சொல்லியிருக்கு, குடிச்சிட்டுப் போங்க."

"பேப்பர வச்சிட்டுப் போறேன், நிதானமா பாருங்க."

"வைக்காதீய. எடுத்துட்டுப் போயிருங்க. இங்க வச்சா பேச்சி மடிச்சு ஏணிக்கு அடில முட்டுக்கொடுத்துருவான்."

காப்பி குடிக்காமலே போனார். அதைப் பேச்சிமுத்து குடித்தார்.

19 நவம்பர், சனி, காலை 8

விடிகாலை கழிந்தது. டிரைவர் அப்படியே இருக்கிறது. கோர்கள் எட்டும் சும்மா இருக்கின்றன, ஊர் இன்னும் எழுந்திருக்காததால். அது சரியான சும்மா.

ரகோத்தமனிடமிருந்து மெயில். "அனுமதியில்லாமல் வாடிக்கையாளரின் பெட்டியில் மாற்றம்" என்று தலைப்பு. திங்கள் காலை பத்து மணிக்கு மீட்டிங், எச்.ஆரும் இருப்பாராம். படித்தேன். நேற்று வந்திருந்தால் கத்தியிருப்பேன். இன்றும் கோபம் இருக்கிறது, நிறைய. ஆனால் எல்லார் மேலும் ஒன்றாகப் போய் நிற்கவில்லை. எவன் மேல் எவ்வளவு என்று தெரிகிறது.

அடுத்துச் செய்யப்போவது:

1. டிரைவரின் மூலநிரலைக் கேட்டுக் கம்பெனிக்கு எஸ்தரக்கா பெயரில் ஒரு மெயில் எழுதிக்கொடுப்பேன். அவர் படித்துப் புரிந்துகொண்டு அவரே அனுப்பட்டும்.

2. பென்டிரைவில் இன்னொரு நகல். எப்படிச் செருகுவது, எதை அமுக்குவது, எதை அமுக்கவே கூடாது என்று பேச்சிமுத்து அண்ணனை ஒருமுறை கையால் செய்யவைப்பேன். ஜாயின்ட் சரியில்லை என்று சொன்னதற்கு அப்போது மன்னிப்பும் கேட்பேன். அவர் கிண்டல் செய்வார். செய்யட்டும்.

3. அந்த நாலு வரியையும், உறையோடு எடுத்த கேப்சரையும் டீமில் எல்லாருக்கும் அனுப்புவேன். முதல் வரியில் எழுதுவேன்: உறை பிரித்த கேப்சரைக் கேட்டது நான்.

4. டெண்டரில் கேபிள்காரர்களுக்கு விற்பதாக இருந்தால், உறையோடு சோதித்த கணக்கைப் போட்ட பிறகு விற்கச் சொல்வேன். மீட்டிங்கில், எச்.ஆர் முன்னால்.

5. ராஜினாமா எழுதமாட்டேன். வேண்டுமானால் அவர்கள் அனுப்பட்டும்; காரணத்தையும் அவர்களே எழுதட்டும்.

6. பஸ் பதினொன்றரைக்கு. அதற்கு முன் மாடிக்குப் போய், நேற்று வராண்டாவில் சொல்லாததைச் சொல்வேன்: வருவேன்ங்க.